காலத்தை முந்தும் பயிர்

வறட்சிக்கு ஈடுகொடுக்கும் பயிர் என்று சொன்னவுடன், ஈரமற்ற மண்ணில் வாடாமல் நெடுநாள் நிற்கும் ஒரு செடியையே நாம் மனத்தில் கற்பித்துக்கொள்கிறோம். ஆனால், வசந்தத்தில் விதைத்துக் கோடையில் அறுக்கும் ஓட்ஸ் வகைகளுள், வறண்ட பிரதேசங்களுக்கு உகந்தது என்று கீர்த்தி பெற்ற கெர்ஸான் வகையின் குணவிசேஷங்களை ஆராய்ந்து பார்த்தால், அதன் சாமர்த்தியம் தாகத்தைப் பொறுப்பதைவிடத் தாகம் வருமுன்பே தன் காரியத்தை முடித்துக்கொள்வதில்தான் பெரிதும் அடங்கியிருக்கிறது என்பது விளங்கும்.

ஸ்வபாவத்தில் ஓட்ஸ் தண்ணீரைத் தாராளமாகச் செலவிடும் பயிர். அமெரிக்காவில் கொலராடோ ராஜ்யத்து அக்ரன் என்னும் ஊரில், பிரிக்ஸ், ஷான்ட்ஸ் என்ற இரு விஞ்ஞானிகள் பற்பல பயிர்களைத் தொட்டிகளில் வளர்த்து, அவை செலவிட்ட நீரை நிறுத்துக் கணக்கிட்டார்கள். ஒரு பங்கு உலர்ந்த பொருளை உண்டாக்கச் சோளத்துக்கு ஏறக்குறைய 320 பங்கு நீர் போதுமாயிருக்க, ஓட்ஸுக்கோ 600 பங்கு வரை வேண்டியிருந்தது.

இத்தகைய செலவாளிக்கு அதே அமெரிக்காவின் நெப்ராஸ்கா ராஜ்யத்துச் சமவெளி ஏற்ற இடமன்று. அங்கே வசந்தத்தில் மண்ணில் ஈரமுண்டு. கோடையின் முற்பகுதியில் மழையுமுண்டு. பின்னர் அனல்காற்று வீசத் தொடங்கினால், அப்போதுதான் பால் பிடித்து நிற்கும் பின்பருவ ஓட்ஸ் கதிர்கள், மணி திரளாமலே சுருங்கிப் பதராகிவிடும். அந்த ராஜ்யத்து விவசாயப் பரிசோதனை நிலையத்துக்காக, 1896இல் டெய்லர் என்பவர் அந்நாளைய ருஷ்ய சாம்ராஜ்யத்தின் தெற்கே, இன்று உக்ரைனைச் சேர்ந்த கெர்ஸான் பகுதியிலிருந்து கொணர்ந்த விதைதான் கெர்ஸான் வகை. அதன் தாள் குட்டை, கதிர் விரிந்தது, மணி மஞ்சள் நிறமும் சிறிய உருவமும் உடையது, உமியோ மெல்லியது. இவை எல்லாவற்றினும் சிறந்த குணம், பின்பருவ வகைகளுக்குப் பல நாள் முன்னதாகவே அது முற்றிவிடுவது. ஆதலால் அனல்காற்று வரும்போது அதன் மணி பெரும்பாலும் கெட்டிப்பட்டிருக்கும். தாள் குட்டையாயிருப்பதால், ஈரத்தை வைக்கோலுக்காக அது அதிகம் விரயம் செய்வதுமில்லை. வளமான நிலத்தில் எளிதில் சாய்ந்துவிடுவதுமில்லை.

குறைகளையும் மறைக்காமல் சொல்வதே நியாயம். மழை உரிய காலத்தில் பெய்து, குளிர்ச்சியும் நீடிக்கும் பிரதேசங்களில், நெடுநாள் நின்று வளரும் வகைகள் இதைவிட மிகுதியாக விளைந்துவிடும். கால்நடைக்கு வைக்கோலை நம்பியிருப்பவனுக்கு இதன் குட்டைத் தாள் திருப்தி தராது. துரு நோய்க்கு முன்னால் இது முழுப் பாதுகாப்புள்ளதும் அன்று. ஆனால், கெர்ஸான் என்ற ஒரே பெயருக்குள் பல வம்சங்கள் கலந்திருந்தமையால், அயோவா ராஜ்யத்து ஆராய்ச்சியாளர்கள் அதிலிருந்து தனிச்செடிகளைப் பொறுக்கியெடுத்து, ஆல்பியன், ரிச்லாண்ட் முதலிய வகைகளை உருவாக்கினார்கள். தண்டுத் துருவை எதிர்க்கும் ஆற்றல் ரிச்லாண்டில் வாய்த்திருந்தபடியால், பிற்கால ஒட்டு வகைகள் பலவற்றுக்கு அது தாய்தந்தையருள் ஒன்றாக அமைந்தது.

ஆகவே ஒரு வகையை மதிப்பிடுகிறவன், செழிப்பான ஆண்டில் அது எத்தனை மூட்டை கண்டது என்று மட்டும் கேட்பது போதாது. தன் நிலத்தில் ஈரம் எந்த வாரத்தில் வற்றுகிறது, அந்த வாரத்துக்குள் அதன் மணி முற்றுமா என்பதையே முதலில் விசாரிக்க வேண்டும். அந்தக் கேள்விக்கு நெப்ராஸ்கா போன்ற நிலங்களில் கெர்ஸான் தக்க விடை அளித்தது. மழை வேறு காலத்தில் பெய்யும் நிலத்துக்கு அந்த விடை வேறு வகையிடமிருந்துதான் வரும்.