வைகறை வலியும் இயன்முறை மருத்துவமும்

(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



தமிழாசிரியனாகிய யான் இலக்கியத்தைப் பற்றியே பேசுவேனென்று நீங்கள் எண்ணியிருத்தல் கூடும். இன்று யான் எடுத்துக்கொண்ட பொருளோ நம் முதுகும் முழங்காலுமே. தறியை நம்பி வாழும் நமக்கு இவற்றினும் வேண்டிய பொருள் வேறு யாதுளது? யான் மருத்துவனல்லேன்; அறிந்தாரிடம் கேட்டும் நூல்களிற் படித்தும் தெரிந்துகொண்டவற்றையே கூறுகின்றேன்.

குழித்தறியில் அமர்ந்து, கால்களைக் குழிக்குள் தொங்கவிட்டு மிதிகளை மாறி மாறி மிதித்து, ஒரு கையாற் பலகையை அசைத்து, மறு கையால் நாடாக் கயிற்றை இழுக்கும் நெசவாளன் பகல் முழுதும் முன்குனிந்தே இருக்கின்றான். மறுநாள் விடியலில் அவன் இடுப்பு நிமிர மறுக்கின்றது. விரல்கள் மடங்க மறுக்கின்றன. சுவரைப் பற்றிக்கொண்டு எழுகின்றான். நம் தெருக்களில் இக்காட்சி இல்லாத வீடு அரிது.

இத்துன்பத்துக்கு நம்மவர் செய்யும் பரிகாரம் இரண்டு. ஒன்று, கடையில் வலி மாத்திரை வாங்கி விழுங்குவது. மருத்துவர் மேற்பார்வையின்றி நாள்தோறும் இதனை உண்பது இரைப்பையையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். மற்றொன்று, படுத்துவிடுவது. என் தந்தையார் இவ்விரண்டாவதைச் செய்தார். 'அசையாமற் படுத்திரு' என்று சுற்றத்தார் கூறியதைக் கேட்டு இரண்டு திங்கள் பாயை விட்டு எழவில்லை. வலி சிறிது தணிந்தது உண்மை. ஆனால் கால்களின் வலிமையும் உடன் தணிந்துவிட்டது. பின்னர் அவர் தறிக்குழியில் இறங்கவேயில்லை. அவருக்குக் கேடு சூழ்ந்தோர் எவருமிலர். அறியாமை ஒன்றே அங்ஙனம் செய்தது. அது பிறர் வீட்டில் நிகழாதிருத்தல் வேண்டுமென்றே இன்று பேச இசைந்தேன்.

நெடுநாட் படுக்கை நடுமுதுகு வலிக்கு மருந்தன்று என்பதனை மேல்நாட்டார் ஆராய்ந்து கண்டனர். 1986-ஆம் ஆண்டு அமெரிக்காவில் டேயோ என்பாரும் அவர் தோழரும், முதுகு வலியுற்றோருட் சிலரை ஏழு நாளும் சிலரை இரண்டே நாளும் படுத்திருக்கச் சொன்னார்கள். குணமடைவதில் இரு சாராரும் ஒத்திருந்தனர். இரண்டு நாட் படுத்தோரே வேலைக்கு விரைவில் திரும்பினர்.

இனி, வலி காலையில் மிகுவதேன்? நம் முதுகெலும்புக் கணுக்களுக்கிடையே மெத்தை போன்ற வட்டுக்கள் உள்ளன. பகலில் உடலின் பாரத்தால் அவற்றிலுள்ள நீர் பிழியப்படுகின்றது. இரவிற் படுத்திருக்கும்போது அவை மீண்டும் நீரை உறிஞ்சிப் பருக்கின்றன. அதனாலேயே மனிதன் மாலையிற் காட்டிலும் காலையில் 1 முதல் 2 செண்டிமீட்டர் உயரமாயிருக்கின்றான். பருத்திருக்கும் அவ்வட்டுக்கள் எழுந்தவுடன் குனிந்தால் பெரிதும் நெருக்குண்ணும். 1998-ஆம் ஆண்டு ஸ்நூக் முதலியோர் வெளியிட்ட ஆராய்ச்சியில், விடியற்காலையில் முன்குனிதலை விலக்கியோர்க்கு நாட்பட்ட முதுகு வலி குறைந்ததென்று கண்டனர். ஆகலின், எழுந்தவுடன் தறியில் அமர்தல் தகாது. முதல் ஒரு மணி நேரத்தை நின்றும் நடந்தும் செய்யும் வேலைகளுக்கு ஒதுக்குக. தெருவிற் பாவு விரித்து நடந்து வேலை செய்யும் நாளில் இடுப்பு அத்துணைத் துன்புறுத்துவதில்லையென்று நம் முதியோர் கூறக் கேட்டிருக்கின்றேன்.

பிசியோதெரபி எனப்படும் இயன்முறை மருத்துவம் கற்பிக்கும் எளிய பயிற்சிகள் சில கூறுவேன். கண் விழித்ததும் துள்ளி எழாதீர்கள். மல்லாந்து படுத்தவாறே கணுக்கால்களைப் பத்து முறை மேலும் கீழும் அசைத்திடுக. முழங்கால்களை மடக்கிப் பாதங்களைப் பாயில் ஊன்றி, இரு முழங்கால்களையும் சேர்த்து வலமும் இடமும் மெல்லச் சாய்த்திடுக. பின்னர் ஒருக்களித்துத் திரும்பிக் கையை ஊன்றி எழுக. இளஞ்சூட்டு வெந்நீரில் விரல்களை அமிழ்த்தி மூடி விரித்தால் அவற்றின் விறைப்பு நெகிழும். நீரிழிவால் உணர்ச்சி குன்றியவர் நீரின் சூட்டைப் பிறரைக் கொண்டு பார்த்தல் வேண்டும்.

மற்றொன்று, பின்வளைதல். இதற்கொரு வரலாறு உண்டு. 1956-ஆம் ஆண்டு நியூசிலாந்தின் வெலிங்டன் நகரில் ராபின் மெக்கன்சி என்னும் இயன்முறை மருத்துவரிடம், வலி காலிலும் பரவிய ஒருவர் வந்தார். தலைப்பக்கம் உயர்த்தி வைக்கப்பட்டிருந்த கட்டிலில் அவர் தவறுதலாகக் குப்புறப் படுத்துவிட்டார். முதுகு பின்வளைந்த அந்நிலையைக் கண்டு மருத்துவர் அஞ்சினார். நோயாளியோ பல நாட்களாகக் காணாத சுகத்தைக் கண்டதாகக் கூறினார். அதனை அடியாகக் கொண்டு மெக்கன்சி ஒரு முறையையே வகுத்தார். நாள் முழுதும் முன்குனியும் நமக்கு இது மிகவும் ஏற்றது. அரை மணிக்கு ஒரு முறை தறியை விட்டெழுந்து, இடுப்பிற் கைகளை ஊன்றி, ஐந்தாறு முறை மெல்லப் பின்வளைந்து நிமிர்க. அவ்வாறு செய்கையில் வலி கால்வழி கீழிறங்குமாயின் உடனே நிறுத்தி மருத்துவரைக் காண்க.

நிற்க. எல்லா விறைப்பும் உழைப்பால் வந்ததன்று. உழைப்பால் வருவது பெரும்பாலும் அரை மணிக்குள் நெகிழ்ந்துவிடும். அதற்கு மேலும் நீடித்து, பின்னிரவில் உறக்கத்தைக் கலைத்து, ஓய்வில் மிகுந்து நடமாட்டத்திற் குறையும் முதுகு வலி இளைஞர்க்கு வந்தால், அது ஆங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ் என்னும் நோயாக இருத்தல் கூடும். இரு கைகளிலும் விரற்கணுக்கள் வீங்கி நெடுநேரம் விறைத்திருப்பின் முடக்குவாதமென ஐயுறுக. இவற்றிற்குப் பயிற்சி மட்டும் போதாது. காலந் தாழ்த்தினால் மூட்டுக்கள் கெடும். 'தறி வேலை செய்பவனுக்கு வலியில்லாதிருக்குமா?' என்று பெற்றோர் அசட்டையாயிருத்தல் பிள்ளைக்குச் செய்யும் தீங்காகும். காய்ச்சல், காரணமற்ற மெலிவு, கால் சோர்வு, மலசலம் அடக்க இயலாமை ஆகியவை கூடினால் ஒரு நாளும் பொறுக்கலாகாது.

இம்மருத்துவத்தை நம்மவர் 'கரண்டு வைத்தல்' என்றே எண்ணுகின்றனர். பத்து நாள் மின்சாரமும் சூடும் பெற்று, பயிற்சியைக் கைவிட்டு, 'பயனில்லை' என்கின்றனர். எந்த அசைவில் வலி மிகும், எதிற் குறையும் என்று ஆராய்ந்து அவரவர்க்கேற்ற பயிற்சியை வகுப்பதே இதன் உயிர்நிலை. திருவள்ளுவர் மருத்துவத்தை நான்கு கூறாக வகுத்து, நோயுற்றவனையே முதற்கண் வைத்தார். மருத்துவன் அவனுக்கு அடுத்தே நிற்கின்றான். இதன் பொருத்தத்தை இங்கே தெளிவாகக் காணலாம். மருத்துவர் வழி காட்டுவார். நாள்தோறும் நடக்க வேண்டியவர் நாமே. காலையில் அறுந்த இழைகளைப் பிணைத்துத் தறியைச் செப்பஞ் செய்யாமல் எவரும் நாடாவை ஓட்டுவதில்லை. அத்தறியை இயக்கும் உடலுக்குக் கால் மணி நேரம் தருதல் மிகையாகுமா?

பொருளில்லையென்று எவரும் தயங்க வேண்டுவதில்லை. 2021-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 5-ஆம் நாள் தமிழ்நாட்டு அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' என்னும் திட்டத்தில், வீடு தேடி வந்து இயன்முறைச் சிகிச்சை அளித்தலும் ஒன்றாக அமைந்தது. அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திற் கேட்டறிக.

சங்கத்தார்க்கு ஒரு விண்ணப்பம். திங்களுக்கொரு முறை இயன்முறை மருத்துவர் ஒருவரை நம் மண்டபத்துக்கு அழைத்து, நெசவாளர் அமரும் முறையையும் பலகையின் உயரத்தையும் தறியருகிலேயே காட்டித் திருத்தச் செய்ய வேண்டும். நமது குலத்தின் செல்வம் பட்டிலும் பருத்தியிலும் இல்லை. அவற்றை நெய்யும் கைகளிலும் முதுகிலுமே உள்ளது. அதனைக் காப்போமாக.