உபகாரமா, ஊதியமா?

மாணவ மாணவியரே,

நான் சிறுவனாக இருந்தபோது, மயிலாப்பூர்ப் பெரியவர்கள் ஓய்வுபெற்றபின் வரும் தொகையை 'உபகாரச் சம்பளம்' என்பார்கள். இன்று நாம் 'ஓய்வூதியம்' என்கிறோம். முதற்சொல்லில் கொடுப்பவரின் கருணை தெரிகிறது. அடுத்ததில் உழைத்தவரின் உரிமை தெரிகிறது. இவற்றுள் எது பொருந்தும்?

சில ஆண்டுகளுக்கு முன், அறுபத்து மூவர் விழாவன்று மாட வீதியில் மக்கள் வெள்ளம் நிறைந்திருந்தது. நான் நீர்மோர் பருகி நிழலில் ஒதுங்கினேன். வெயிலில் நின்று கூட்டத்தை ஒழுங்குசெய்த காவலர் ஒருவர், "வணக்கம், ஐயா" என்றார். அவர் என் பழைய மாணவர். பேச்சு ஓய்வூதியத்தின்மேற் சென்றது. "அதோ நிற்கும் ஏட்டையா 2003-க்கு முன் சேர்ந்தவர், நான் பின் சேர்ந்தவன். எங்கள் இருவருக்கும் வெயில் ஒன்றுதான், ஐயா, ஓய்வுதான் வேறு" என்றார்.

அவர் சொன்னதன் பொருள் யாது? 2003 ஏப்ரல் 1-க்கு முன் தமிழ்நாடு அரசுப் பணியில் சேர்ந்தவர், முழுப் பணிக்காலம் முடித்தால், இறுதி ஊதியத்திற் பாதியை மாதந்தோறும் பெறுவார். அந்நாள் முதற்கொண்டு சேர்ந்தோருக்குப் பங்களிப்பு ஓய்வூதியத் திட்டம் வகுக்கப்பட்டது. ஊதியத்திலும் அகவிலைப்படியிலும் நூற்றுக்குப் பத்து பிடிக்கப்பட்டது. அரசும் அதே அளவு சேர்த்தது. ஆயின், முதுமையில் மாதம் இவ்வளவு கிடைக்கும் என்னும் உறுதி அதில் இல்லை. என் மாணவர் செய்த குற்றம், பின்னாற் பிறந்தது ஒன்றுதான்.

1982 டிசம்பர் 17 அன்று, நகாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு தெளிவு தந்தது. ஓய்வூதியம் அரசு மனமிரங்கி அளிக்கும் கொடையன்று. செய்து முடித்த பணிக்குரியது என்றது. 1979 மார்ச் 31-ஐ எல்லையாக வைத்து ஓய்வுபெற்றோரை இரு கூறாக்கியது, அரசியலமைப்பின் 14-ஆம் பிரிவுக்கு மாறானது என்றும் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பு ஓய்வுபெற்ற நாளைப் பற்றியது. பணியிற் சேர்ந்த நாளைப் பற்றியதன்று. இவ்வேறுபாட்டை மறத்தல் ஆகாது. எனினும், ஓய்வூதியம் உழைப்பின் பயனே என்னும் அடிப்படை இருவருக்கும் பொதுவன்றோ?

மறுபக்கமும் உண்டு. ஓய்வூதியம் வானத்திலிருந்து விழுவதன்று. நாளை நீங்கள் செலுத்தப்போகும் வரியிலிருந்து வருவது. பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் வேண்டிய பணமும் அதே கருவூலத்தில்தான் இருக்கிறது. 2026 ஜனவரியில் தமிழ்நாடு அரசு அறிவித்த உறுதியளிக்கப்பட்ட ஓய்வூதியத் திட்டம், இவ்விரண்டையும் இணைக்க முயன்றது. இறுதி ஊதியத்திற் பாதிக்கு உறுதி கூறிய அத்திட்டம், பணியாளரின் பத்து விழுக்காட்டுப் பங்கையும் வைத்துக்கொண்டது.

நான் பழைய முறைப்படி ஓய்வூதியம் பெறுபவன். ஆதலால், பிறருக்குச் சிக்கனம் போதிக்க எனக்கு வாய் எழவில்லை. பணியாளரிடம் பங்கு கேட்கலாம். முதுமைக்கு வேண்டிய உறுதியைப் பறிக்கலாகாது. இதுவே எனக்கு நியாயமாகத் தோன்றுகிறது. திருநாளை நாம் கொண்டாட, அந்நாளிலும் காவல் நிற்பவர்கள் அவர்கள். அவர்களுக்குப் பின்னாளிற் கொடுப்பது உபகாரமன்று. நாம் தரவேண்டிய ஊதியத்தின் பாக்கி.

அடுத்த விழாவில் ஒரு காவலரைக் காணும்போது, இதனைச் சற்று எண்ணிப் பாருங்கள்.