உயிருள்ள கலத்துள் ஒரு விளக்கு

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



மண்டபத்து விளக்குகளைச் சற்று அணைக்குமாறு வேண்டுகிறோம். மேசையில் இருப்பது கடையில் வாங்கிய ரொனிக் தண்ணீர். கள்ள நோட்டுப் பார்க்கும் ஊதா டோர்ச்சை இதன்மீது பிடிக்கிறோம். நிறமற்ற நீர் நீலமாக ஒளிர்வதைப் பின்வரிசையில் உள்ளோரும் காணலாம். காரணம் இதிற் கரைந்துள்ள கொயினா. 1934–35இல் இத்தீவைச் சூறையாடிய மலேரியாவுக்கு நம் முன்னோர் முகஞ்சுளித்துக் குடித்த அதே கசப்பு மருந்துதான்.

கொயினா தரும் சிங்கோனா மரம் நமக்கு அந்நியமன்று. அதை வளர்ப்பதற்கென்றே 1861இல் ஹக்கலைத் தோட்டம் தொடங்கப்பட்டது. தேயிலைக்குப் பேர்போன லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லரும் அதனைப் பயிரிட்டார். பட்டை உரித்த கைகளுள் நம்மவர் கைகளும் இருந்திருக்கும். ஸ்டோக்ஸ் என்னும் அறிஞர் கொயினாக் கரைசலை ஆராய்ந்தே 1852இல் இவ்வகை ஒளிர்வுக்குப் பெயரிட்டார்.

இப்போது ஒரு கரண்டி கறியுப்பு இடுகிறோம். ஒளி மங்குகிறது! உப்பிலுள்ள குளோரைட்டு அயன், மூலக்கூறு பெற்ற சக்தியை ஒளியாக விடாமல் கெடுத்துவிடுகிறது. அப்படியானால், ஒளியின் அளவைக்கொண்டே உப்பின் அளவை அறியலாம் அன்றோ? 1980களில் அறிஞர்கள் அதையே செய்தார்கள். கொயினாவிலுள்ள குயினோலின் கருவைக்கொண்டு செய்த சாயங்களை உயிருள்ள கலங்களுட் செலுத்தி, குளோரைட்டின் போக்குவரத்தை அளந்தார்கள். கலத்தை அறுக்கவும் வேண்டியதில்லை, கொல்லவும் வேண்டியதில்லை.

ஆயினும், மங்குவதைக் கொண்டு அறிவதில் ஓர் இடர் உண்டு. சாயம் வெளியே கசிந்தாலும் ஒளி மங்கும். தேடும் பொருளைச் சந்தித்தபோது மட்டும் எரியும் விளக்கு வேண்டும். அத்தகையதைத் திட்டமிட்டு அமைத்தவர்களுள் முன்னின்றவர் இலங்கையரான பிரசன்ன டி சில்வா. மூலக்கூற்றின் ஒரு முனை விளக்கு; மறுமுனை பற்றும் கை; இடையே சிறு பாலம். கை வெறுமையாய் இருந்தால் அதிலிருந்து ஓர் இலத்திரன் விளக்குக்குத் தாவி ஒளியைக் கெடுக்கும். கை ஓர் அயனைப் பற்றியதும் அத்தாவல் தடைப்படும்; விளக்கு எரியும். இப்பற்றுதல் இறுகிய பிணைப்பன்று. வந்த விருந்தாளி மீண்டும் போகலாம். இத்தகைய நெகிழ்ந்த உறவுகளை ஆராய்வதே மீமூலக்கூற்று இரசாயனம். அதற்காக 1987இல் பெடர்சன், கிராம், லேன் ஆகிய மூவரும் நொபெல் பரிசு பெற்றனர்.

மிஷன் பள்ளிக்கூடத்தில் எமக்கு ஸ்டோக்ஸைக் கற்பித்தார்கள். டி சில்வாவைக் கற்பிக்கவில்லை. அமிலத்தைக் கண்டு ஒளிரும் மூலக்கூறு 1985இலும், சோடியம் போன்ற அயன்களைக் கண்டு ஒளிரும் மூலக்கூறு 1986இலும் கொழும்புப் பல்கலைக்கழகத்து ஆய்வாக வெளிவந்தன. அதன்பின் அவர் பெல்பாஸ்ட் சென்றார்.

“தம்பி, இதனால் யாருக்கு என்ன பயன்?” என்று சங்கத்துப் பெரியவர் ஒருவர் எம்மைக் கேட்டார். இம்முறையில் அமைந்த உணரிகள் இரத்தத்தின் சோடியம், பொற்றாசியம், கல்சியத்தை அளக்கும் வைத்தியசாலைக் கருவிகளில் இடம்பெற்றன. வயிற்றோட்டத்தால் வாடிய குழந்தைக்கு எந்தச் சேலைன், எவ்வளவு ஏற்றுவது என்று வைத்தியர் தீர்மானிப்பது அத்தகைய கணக்கைப் பார்த்துத்தான், ஐயா.

குறைகளும் உள. ஊதாக் கடந்த கதிர் கலத்தைக் காயப்படுத்தும். பல சாயங்கள் நெருங்கித் திரண்டால் ஒளி இழக்கும். திரளும்போதே ஒளிரும் மூலக்கூறுகளை 2001இல் ஹொங்கொங்கில் பென் சோங் தாங் குழுவினர் அறிவித்தபின் இரண்டாவது இடருக்கு ஒரு வழி பிறந்தது.

டி சில்வா ஏன் போனார் என்று தீர்ப்புக் கூற நாம் வரவில்லை. எமது வகுப்பிலும் பலர் வெளிநாட்டு விண்ணப்பங்களோடுதான் இருக்கிறார்கள், நாமும் விலக்கல்ல. ஆனால், அந்த விளக்கை ஏற்ற இங்கேயிருந்த ஓர் ஆய்வுகூடம் போதுமாயிருந்தது என்பதைப் பேராதனையில் ஆய்வுகூடத்துள் நுழையும்போதெல்லாம் நினைத்துக்கொள்கிறோம்.

இரண்டாவது போத்தல் உப்பிடாமல் இருக்கிறது. சிறுவர்கள் வந்து தாமே இட்டுப் பார்க்கலாம். டோர்ச்சைக் கண்ணுக்கு நேரே பிடிக்க வேண்டாம். இனி மண்டபத்து விளக்குகளைப் போடலாம்.