மண்ணீரல் இல்லாதவருக்கு வரும் சுரம்

(எட்டயபுரத்தில் செய்த சொற்பொழிவின் சாரம்)



சுரம் கண்டால் ஆத்தாள் வந்துவிட்டாள் என்று வேப்பிலை கட்டுவதும், மந்திரித்துத் திருநீறு போடுவதும், மூன்று நாள் பார்ப்போம் என்று சும்மா இருப்பதும் நம் கரிசல்காட்டு வழக்கம். இவ்வழக்கம் ஒரு கூட்டத்தாருக்கு எமனாகவே முடியும் என்பதை இன்று எடுத்துக்காட்ட ஆசைப்படுகிறோம்.

இடது விலாவுக்கு உட்புறம் மண்ணீரல் என்று ஓர் உறுப்பு இருக்கிறது. இரத்தத்தில் புகும் கிருமிகளை வடிகட்டிக் கொல்லுவது அதன் வேலைகளில் ஒன்று. வண்டி மோதியோ மரத்திலிருந்து விழுந்தோ அது கிழிந்துபோனால், உயிரைக் காக்க டாக்டர்கள் சிலசமயம் அதை எடுத்துவிடுவார்கள். ஆள் பிழைத்து, காட்டு வேலைக்கும் தீப்பெட்டி ஆபீசுக்கும் போவான். ஆனால் நியூமோகாக்கஸ் போன்ற கிருமி இரத்தத்தில் புகுந்தால் தடுக்கும் காவல் இல்லை. இன்று குளிர்சுரம், நாளை பிணம் என்று ஆகிவிடக்கூடும். சிகிச்சை செய்தும் பாதிப் பேர் வரை மாண்டிருக்கிறார்கள்.

1952ல் அமெரிக்காவில் கிங், ஷூமேக்கர் என்ற டாக்டர்கள், மண்ணீரல் எடுக்கப்பட்ட 5 குழந்தைகளுக்குக் கொடிய தொற்று வந்ததை எழுதி வெளியிட்டார்கள். அதே 1952ல் நம் நீலகிரிப் பழங்குடி மக்களிடம் அரிவாள் செல் என்னும் இரத்தநோய் இருப்பது தெரியவந்தது. அந்நோயால் கத்தி படாமலே மண்ணீரல் கெட்டுப்போவதுண்டு. கர்மபலன் என்று கதை சொன்ன புராணிகன் எவனாவது அதில் ஒரு குழந்தையைக் காப்பாற்றியதுண்டா? 1986ல் அமெரிக்காவில் அந்நோயுள்ள குழந்தைகளுக்குத் தினம் இருவேளை பென்சிலின் கொடுத்துப் பார்த்தார்கள். தொற்று 100க்கு 84 பங்கு குறைந்தது.

ஆகவே மண்ணீரல் இல்லாதவர் செய்யவேண்டியது என்ன? நியூமோகாக்கஸ், மெனிங்கோகாக்கஸ், ஹிப் தடுப்பூசிகளைப் போட்டுக்கொள்ள வேண்டும். ஆபரேஷன் முன்கூட்டித் தெரிந்தால் 2 வாரத்துக்கு முன்பே. அவசர ஆபரேஷனானால் 2 வாரம் கழித்து. ஊசியால் ஆபத்து அடியோடு நீங்கிவிடாது. எனவே சுரமோ நடுக்கமோ கண்ட உடனே, டாக்டர் முன்பே கொடுத்துவைத்த ஆன்டிபயாடிக் மாத்திரையை விழுங்கிவிட்டு, 108ஐக் கூப்பிட்டு, கோவில்பட்டி அரசு ஆஸ்பத்திரி போன்ற பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். “எனக்கு மண்ணீரல் இல்லை” என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லவேண்டும். சோதனைக்கு இரத்தம் எடுத்துக்கொண்டு, முடிவுக்குக் காத்திராமல் செப்ட்ரியாக்சோன் போன்ற மருந்தை நரம்பில் ஏற்றுவதே இதற்கு வைத்தியம். இதில் ஒவ்வொரு மணி நேரமும் உயிருக்குக் கணக்கு.

கையில் தாயத்துக் கட்டியிருப்பவர் அதை அவிழ்த்துவிட்டு, “மண்ணீரல் இல்லாதவர்” என்று எழுதிய சீட்டைப் பையில் வைத்துக்கொள்ளட்டும். மயங்கிக் கிடந்தாலும் சீட்டை டாக்டர் படிப்பார். தாயத்தை யார் படிப்பது?

உங்கள் வீட்டில் யாருக்காவது வயிற்றில் ஆபரேஷன் நடந்திருந்தால், ஆஸ்பத்திரியில் கொடுத்த சீட்டை இன்றிரவே எடுத்துப் படித்தவரைக் கொண்டு பார்க்கும்படி கேட்டுக்கொண்டு, இத்துடன் முடித்துக்கொள்ளுகிறோம்.