வெளிச்சம் பட்டால் விழிக்கும் மருந்து



சிஸ்பிளாற்றின் ஏற்றிய ஒருவரை வீட்டில் வைத்துப் பராமரித்தவர்கள் இந்தச் சபையிலும் இருப்பீர்கள். வாந்தி, காது மந்தம், சிறுநீரகப் பாதிப்பு எல்லாம் உங்களுக்குத் தெரியும். 1965 இல் மிச்சிகன் அரச பல்கலைக்கழகத்தில் பார்னெற் றோசன்பேர்க் என்பவர் பக்ரீரியாக்களுக்கு மின்னோட்டம் செலுத்திப் பார்த்தபோது, அவை பிரியாமல் நூலாக நீண்டன. காரணம் மின்சாரமல்ல, பிளாற்றினம் மின்வாயிலிருந்து உண்டான சேர்வைகள். அவ்வழியே வந்த சிஸ்பிளாற்றினுக்கு 1978 இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அது டீ.என்.ஏ.யில் ஒட்டிக்கொண்டு கலத்தைப் பிரியவிடாது. ஆனால், நல்ல கலம் எது, கெட்ட கலம் எது என்று அதற்குத் தெரியாது.

அப்படியானால், இருட்டில் உறங்கி, வெளிச்சம் பட்ட இடத்தில் மட்டும் விழிக்கும் உலோகச் சேர்வை ஒன்றைச் செய்ய முடியாதா? உயர்தர வகுப்பில் சிக்கல் அயன்களின் நிறங்களை நாம் மனனம் செய்தோமே! நிறம் இருந்தால் அது ஒளியை உறிஞ்சுகிறது என்றுதான் அர்த்தம். பரீட்சையோடு மறந்த அந்தப் பாடம்தான் இங்கே வேலை செய்கிறது.

கனடாவில் ருதேனியச் சேர்வை ஒன்றைச் சிறுநீர்ப்பைக்குள் விட்டு, பின்னர் பச்சை ஒளி பாய்ச்சிப் பரிசோதிக்கிறார்கள். பச்சை ஒளி ஆழமாகப் போகாது. தசைச் சுவருக்கு அதுவே பாதுகாப்பு. இம்மருந்து பக்கத்திலுள்ள ஒட்சிசனைத் தூண்டித்தான் கலத்தைக் கொல்கிறது. ஆனால், திண்மக் கட்டிகள் பலவற்றின் நடுவில் ஒட்சிசன் குறைவு. இங்கிலாந்தின் வாறிக் பல்கலைக்கழகத்தில் பீற்றர் சட்லர் குழுவினர் செய்த பிளாற்றினச் சேர்வைகள் எமக்கு முக்கியமாகத் தெரிவது அதனாலேதான். ஒளி பட்டதும் அவை பிரிந்து, ஒட்சிசனை எதிர்பாராமலே டீ.என்.ஏ.யைப் பிடிக்கின்றன. இது ஆய்வுகூட நிலையிலுள்ள செய்தி. நாளை வாட்டுக்கு வருவதல்ல.

எமது நாட்டு ஆண்களிடையே வாய்ப்புற்றுநோயே முன்னிற்கிறது. வாய், ஒளி இலகுவாக எட்டும் இடம். அந்த நம்பிக்கை எமக்கும் உண்டு. ஆனால் "புது மருந்து வரட்டும், டொக்டர்" என்று சத்திரசிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டாம். வீட்டில் வெற்றிலை போடும் அப்பாவோ மாமாவோ இருந்தால், இன்றிரவு ரோர்ச் அடித்து வாயைப் பாருங்கள். வெள்ளைத் திட்டோ, சிவந்த திட்டோ, மூன்று கிழமையாகியும் ஆறாத புண்ணோ கண்டால் பல் வைத்தியரிடம் கூட்டிப் போங்கள். நோகவில்லை என்பார்கள். ஆரம்பத்தில் அது நோகாது.