நாஞ்சில் நாட்டுக்கு ஒரு கற்பனை வரலாறு



நடக்காத வரலாற்றை எழுதுகிறவனுக்குப் பெரும் தலைவலி பெயர்கள்தாம். நியூசிலாந்துக்காரரான ஆண்ட்ரூ ஸ்மித் 1996-இல் பிரித்தெனிக் என்றொரு கற்பனை மொழியை உருவாக்கினார். பிரிட்டனின் பழைய கெல்டிய மொழியை லத்தீன் விழுங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது அவர் கேள்வி. வேல்ஸ் மொழி அடைந்த ஒலி மாற்றங்களை அப்படியே லத்தீன் சொற்கள்மீது ஏற்றினார். வழி புதிதல்ல, 388-இல் கொல்லப்பட்ட ரோமானியப் பேரரசன் மாக்சிமுஸ் வேல்ஸ் கதைகளில் மக்சென் ஆனான். நம் கம்பனிடம் விபீஷணன் வீடணன் ஆனதும் இதே முறையில்தான்.

பேராசிரியர் சுந்தரம் பிள்ளை இந்த வழியில் போகவில்லை. 1891-இல் அவர் வெளியிட்ட ‘மனோன்மணீயம்’ நாடகம் லிட்டன் பிரபுவின் ஆங்கிலக் கதைப்பாட்டைத் தழுவியது. அங்கே சித்திய நாட்டு அரசன் ஒமார்ட்டிஸ். இங்கே பாண்டியன் ஜீவகன். ஒலியில் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. உயிரைக் குறிக்கும் பெயரை அரசனுக்கும், வளைந்த புத்தியைச் சொல்லும் பெயரை அமைச்சன் குடிலனுக்கும் வைத்தார். தத்துவப் பேராசிரியர் அல்லவா! இதில் எனக்கு ஒரு குறை உண்டு. குடிலன் என்றதுமே வாசகனுக்கு எல்லாம் விளங்கிவிடுகிறது. ஜீவகனுக்கு மட்டும் கடைசி வரை விளங்குவதில்லை.

ஆனால் ஊர்ப் பெயர்களில் அவர் கை வைக்கவில்லை. பாண்டியன் தலைநகரை மதுரையிலிருந்து நெல்லைக்கு மாற்றுகிறான். சேரனோடு போர் மூள்வது நாஞ்சில் நாட்டை முன்னிட்டு. சுந்தரம் பிள்ளை வேலை பார்த்த ஊர்கள் நெல்லையும் திருவனந்தபுரமும். இரண்டுக்கும் நடுவே கிடக்கிறது நாஞ்சில் என்னும் நம் வயற்காடு.

உண்மையான அரசர் பெயர்கள் தெரியாதவரா அவர்? கல்வெட்டுகளைப் படித்து, வீர கேரள வர்மன் முதலான பழைய வேணாட்டு மன்னர்களைப் பற்றி எழுதியவர். அவர்களில் ஒருவரைக்கூட மேடையேற்றவில்லை. அவர் செய்தது சரி என்பேன். காலம் தெரிந்த மன்னன் ஒருவன் நாடகத்துக்குள் வந்தால், எந்த நூற்றாண்டு, எந்தப் போர் என்ற கேள்விகளும் கூடவே வந்துவிடும். நாடகத்தில் வரும் புருஷோத்தமன் என்ற சேரனிடம் யாரும் சாசனம் கேட்கப் போவதில்லை.

ஒரே ஒரு பெயருக்காக மட்டும் எனக்கு ஏக்கம் உண்டு. கொஞ்சம் அரிசி கேட்டதற்கு யானையையே கொடுத்தான் என்று ஔவையார் பாடிய நாஞ்சில் வள்ளுவன் இருக்கும் புறநானூற்றை உ.வே.சா. அச்சிட்டது 1894-இல், நாடகம் வந்து மூன்றாண்டு கழித்து. அது முன்பே கைக்கு வந்திருந்து, வள்ளுவனையும் அவர் உள்ளே விட்டிருந்தால் கதையே வேறாகியிருக்கும். பாண்டியனும் சேரனும் பங்குக்கு அடித்துக்கொள்ளும் வயலாக மட்டும் நாஞ்சில் இருந்திருக்காது. இருவரும் தூதனுப்பிப் பதிலுக்குக் காத்திருக்க வேண்டிய ஒரு தலைவன் அங்கே இருந்திருப்பான்.