ஓவியக் கூடமும் ஊராரும்

சென்னைக்குத் தெற்கே கடற்கரைச் சாலையில் ஈஞ்சம்பாக்கம் என்றோர் ஊர் உண்டு. 1966-ஆம் ஆண்டு தொடங்கி அங்கே சோழமண்டலம் ஓவியர் கிராமம் நடந்து வருகிறது. நான் வாழும் இரும்புலியூரிலிருந்து அது பெருந்தொலைவன்று. தாம்பரத்திலிருந்து மேடவாக்கம், சோழிங்கநல்லூர் வழியாகப் புறப்பட்டால், பார்த்துவிட்டு மாலைக்குள் வீடு திரும்பலாம். ஆயினும் எங்கள் தெருவில் வண்டலூர் உயிரியல் பூங்காவுக்குப் பத்து முறை போனவர்கள் இருக்கிறார்கள். ஈஞ்சம்பாக்கத்துக்கு ஒரு முறை போனவரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். காரணம் கேட்டால், "அங்கே போய் என்ன செய்வது, ஐயா? நமக்கு ஒன்றும் புரியாதே" என்கிறார்கள். புலியைப் பார்க்கப் போகிறவர் எவரும் தமக்குப் புலி புரியுமா என்று அஞ்சிக்கொண்டு போவதில்லை. ஓவியத்துக்கு மட்டும் இந்தப் பரீட்சையை வைத்தவர் யார்?

இந்த அச்சம் நம் இயல்பில் உள்ளதன்று. வைகறையில் வாசலில் புள்ளி வைத்துக் கோலமிடும் பெண்ணை நோக்கி, "இது எதைப் போல் இருக்கிறது?" என்று நாம் கேட்பதுண்டா? கோடு வளைந்து சென்று தொடங்கிய இடத்திலேயே கூடினால் மனம் நிறைகிறது. அதே கண்ணோடுதான் ஓவியக் கூடத்துக்குள்ளும் நுழைகிறோம். அங்கே சுவரும் விளக்கும் அமைதியும் நம்மை மிரட்டிவிடுகின்றன.

சோழமண்டலத்தின் வரலாற்றைப் பார்த்தால், அது மிரட்டுவதற்காக எழுந்த இடமன்று என்பது விளங்கும். 1850-இல் டாக்டர் அலெக்சாண்டர் ஹண்டர் தொடங்கிய கலைப் பள்ளியே இன்று எழும்பூரில் அரசு கவின்கலைக் கல்லூரியாக விளங்குகிறது. அதன் முதல் இந்தியத் தலைவர் தேவி பிரசாத் ராய் சௌதுரி, மெரினாவில் நிற்கும் உழைப்பாளர் சிலையைச் செய்தவர். அவருக்குப் பின் 1957-இல் பொறுப்பேற்றவர் கே. சி. எஸ். பணிக்கர். தம்மிடம் பயின்ற இளைஞர்கள் ஓவியத்தை நம்பி வாழ வழியின்றி வேறு வேலைகளுக்குப் போய்விடுவதை அவர் கண்டார். ஆசிரியனுக்கு இதைவிடப் பெரிய துயரம் இல்லை. அவர்கள் ஒரு கைவினைச் சங்கம் அமைத்தார்கள். துணியில் மெழுகு தோய்த்துச் சாயமேற்றும் பாத்திக் முதலிய வேலைகளைச் செய்து, கண்காட்சி வைத்து விற்றார்கள். அந்தப் பணத்தில் வாங்கிய நிலமே இன்றைய கிராமம். ஓவியர் தத்தம் வீட்டைக் கட்டிக்கொண்டனர். நாளில் ஒரு பகுதி கைவினைக்கு, மற்றப் பகுதி ஓவியத்துக்கு என்பது ஏற்பாடு. ஓவியம் வாங்க இயலாத குடும்பத்தாரும் மேசைவிரிப்பாகவோ திரைச்சீலையாகவோ ஓவியரின் கைத்திறத்தை வீட்டுக்குக் கொண்டு சென்றார்கள். மக்களை நாடுவதற்கு இதைவிட நேரான வழி எனக்குத் தெரியவில்லை.

2009-இல் அங்கே சென்னை ஓவிய இயக்கத்துக்கென ஓர் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. அதன்பின் ஒரு முறை எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை அழைத்துச் சென்றேன். தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்க என்பது ஆசிரியப் பயிற்சியில் எங்களுக்குக் கற்பித்த முதற்பாடம். எனவே புறப்படுவதற்கு முதல்நாள், பணிக்கர் 1963-இல் தொடங்கிய 'சொற்களும் குறிகளும்' என்னும் வரிசையிலிருந்து ஓர் அச்சுப் படத்தை வகுப்பில் காட்டினேன். "எழுத்துப் போல இருக்கிறது, ஐயா, ஆனால் படிக்க வரவில்லை" என்றான் ஒருவன். "எங்கள் தாத்தாவின் ஜாதகக் கட்டு இப்படித்தான் இருக்கும்" என்றாள் ஒரு சிறுமி. ஓவியர் ஜாதகக் கட்டங்களையும் பழஞ்சுவடிகளையும் நெஞ்சில் வைத்தே அவ்வரிசையைத் தீட்டினார் என்பதை நான் அதுவரை சொல்லவில்லை.

மறுநாள் தோட்டத்தில் ஓர் உலோகச் சிற்பத்தின் முன் ஒரு மாணவன் நின்றுவிட்டான். மதிப்பெண் வரிசையில் அவன் பெயரைக் கீழிருந்து தேடுவது எளிது. தந்தைக்குப் பற்றவைப்புப் பட்டறை. "செம்பையும் பித்தளையையும் சேர்த்திருக்கிறார்கள், ஐயா. வெண்காரம் போட்டால்தான் இப்படிப் பிடிக்கும்" என்று இணைப்பைக் காட்டிச் சொன்னான். அன்று மற்றப் பிள்ளைகளுக்கு அவனே ஆசிரியன்.

வேறொரு சமயம் நகரத்தில் ஒரு கூடத்துக்குப் பிள்ளைகளோடு சென்றேன், பெயர் வேண்டா. "தொடாதே", "ஓடாதே" என்ற இரு சொற்களே அங்கே அவர்கள் காதில் விழுந்தன. காவலர் மீது எனக்குக் குறையில்லை. பொருளைக் காப்பது அவர் கடமை. பேசுவதற்கு ஒருவரும் இல்லை என்பதே குறை. கண்காட்சி நடத்துவோரிடம் நான் வேண்டுவது சிறிதே. ஒவ்வொரு படத்தின் அருகிலும் அது எதனால், எவ்வாறு செய்யப்பட்டது என்று நல்ல தமிழில் இரண்டு வரி எழுதி வைக்கலாம். ஞாயிற்றுக்கிழமைகளில் ஓர் ஓவியர் ஒரு மணி நேரம் கூடத்தில் உட்கார்ந்திருக்கலாம். தத்துவம் வேண்டா, சாயம் எங்கே வாங்கினார் என்று சொன்னாலும் போதும்.

கூடத்துக்கு மக்கள் வராவிட்டால் கலை மக்களிடம் போகட்டும் என்பாரும் உண்டு. பழைய மகாபலிபுரம் சாலையை ஒட்டிய கண்ணகி நகரில், மறுகுடியமர்த்தப்பட்டவர்களின் அடுக்குவீடுகளில் 2020-இல் ஓவியர்கள் பெரிய பெரிய சுவரோவியங்களைத் தீட்டினார்கள். நல்ல முயற்சியே. எனினும் ஓவியர் ஏணியை எடுத்துக்கொண்டு போனபின் அங்குள்ள பிள்ளையின் கையில் தூரிகை எஞ்சியிருக்கிறதா என்பதை நான் கேட்பேன். நம் பள்ளிகள் பலவற்றில் ஓவியப் பாடவேளையைக் கணக்குக்குக் கடன் வாங்கும் வழக்கம் இருக்கிறது. வாங்கிய கடனைத் திருப்பித் தந்த கணக்காசிரியரை நான் கண்டதில்லை, நானும் கணக்காசிரியனே.

பிள்ளைகளை அழைத்துச் செல்லக் கருதும் பெற்றோருக்கு ஒன்று சொல்லலாம். எல்லாவற்றையும் காட்ட வேண்டா; நான்கு படங்கள் போதும். ஒவ்வொன்றின் முன்னும் சற்று உட்காரச் செய்யுங்கள். தாளும் பென்சிலும் மறவாமல் எடுத்துச் செல்லுங்கள். எங்கள் பிள்ளைகளிடம் திரும்பும் வழியில் விரும்பியதை வரையச் சொன்னேன். பாதிப் பேர் நாங்கள் வந்த பேருந்தை வரைந்திருந்தார்கள். ஒருத்தி மட்டும் அதன் கூரைமேல் சிற்பத் தோட்டத்தையே ஏற்றியிருந்தாள்.